மச்சானுக்கு நான் கொடுத்த நோவுக் குளிசை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய் இப்போது ஒரு மனிதரின் வயிற்றுக்குள் இரத்தமாகக் கசிந்துகொண்டிருக்கிறது!

அவர் என் மனைவியின் தமையன், பழுகாமத்துத் தங்கராசா. இதயத்தில் செயற்கை வால்வு. இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் வார்பரின் விழுங்குகிறவர். நானோ பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவன். நாலு புத்தகம் படித்த குற்றத்துக்காகக் குடும்பம் எனக்கு வைத்தியர் பட்டமும் தந்திருந்தது. மறுத்திருக்கலாமே நான்!

வயல் வட்டையில் அறுவடை முடித்து, முழங்கால் நோவென்று வந்தார். என்னிடமிருந்த நோவுக் குளிசையில் ஓர் அட்டையை நீட்டினேன். "இதைப் போட்டா வாவியை நீந்தியே கடப்பீங்க மச்சான்" என்று பகிடியும் விட்டேன்.

நானும் கூடப்போன அடுத்த கிளினிக்கில் ஓர் ஆய்வு மாணவி. வார்பரினோடு எந்தெந்த மருந்துகள் மோதுகின்றன என்று நோயாளிகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் மச்சானிட்டக் கேளுங்க மகள். அவர்தான் படிச்சவர்" என்று தங்கராசா என்னைக் காட்டினார்.

"நோவுக் குளிசை ஏதும் பாவிக்கிறாரா சேர்? ரெண்டும் சேர்ந்தா உள்ளுக்குள்ள இரத்தம் போகும்."

உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் வரிசையில் என் வாசகர் ஒருவர் இருந்தார்...

"சேச்சே, அப்பிடி ஒண்டும் இல்ல மகள்."

நான் கொடுத்தது அந்த ரகமல்ல என்று நம்பி, மச்சான் நிம்மதியாகத் தலையாட்டினார்.

வழியில், "இனி அந்தக் குளிசை வேணாம்" என்றேன். ஏனென்று சொல்லவில்லை. சொன்னால் பட்டம் போய்விடுமே! அவரோ வெறும் அட்டையைப் பாமசியில் காட்டி, அதையே வாங்கிப் போட்டிருக்கிறார்.

முந்தநாள் மலம் கரியாகப் போய், மயங்கி விழுந்தார். வார்டில் டொக்டர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன்... பாதியை. "இவர் தானா ஏதோ நோவுக் குளிசை வாங்கிப் போட்டிருக்கார்."

வெளிறிய முகத்தோடு மச்சான் என்னையே பார்த்தார். பிறகு டொக்டரிடம் திரும்பினார்.

"ஓம் டொக்டர். மச்சான் வேணாமெண்டுதான் சொன்னவர். நான்தான் கேக்கல்ல."

இரத்தம் ஏற்றுகிறார்கள். உள்ளே கசிவு இன்னும் நிற்கவில்லையாம். "நல்ல காலம், நீங்க நேரத்துக்குச் சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்து அழுகிறாள் மனைவி. கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவில்லை.

தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அஞ்சுகிறேன். அவர் போய்விட்டார் என்ற செய்திக்கா? தேறி எழுந்து என்னைத் தேடுகிறார் என்ற செய்திக்கா?

நீங்கள் கேட்காதீர்கள்... கேட்டால், 'அப்பிடி ஒண்டும் இல்ல' என்று உங்களிடமும் சொல்லிவிடுவேன்.