முருகனுக்குச் சோறு வைக்க ஓர் ஆள்

எங்கள் வீட்டு முருகன் மயிலோடு சேர்த்து என் நெஞ்சு உயரம். வாகை மரத்தில் செதுக்கியது. வேலும் கிரீடத்து உச்சியும் மட்டும்தான் தனியாகச் செய்து ஒட்டியவை. மற்றதெல்லாம் ஒரே கட்டை. இந்த மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் எந்தத் தமிழன் வீட்டிலும் இப்படி ஒன்று கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய்ப் பார்த்தவன் நான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து களைக்கு அடித்தவன். துரை பங்களாவைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த அதே கண்ணால்தான் இன்று என் வீட்டு ஜன்னலிலிருந்து அந்தத் தேயிலை மலையைக் கீழே பார்க்கிறேன். ஒரு துண்டு நிலத்தில் முட்டைக்கோஸ், அப்புறம் தக்காளி, அப்புறம் பிளாஸ்டிக் கூரை போட்டு சாமந்தி. லாரி வாங்கினேன். தோட்டத்து ஆபீசில் எனக்குச் சம்பளம் போட்ட கிராணியின் மகன் இப்போது என்னைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுகிறார். சீன முதலாளிகளுக்குச் சொல்கிற அந்தப் பட்டம் இந்த மலையில் எத்தனை தமிழனுக்குக் கிடைத்திருக்கிறது?

வீடு கட்டி முடித்ததும் நானும் என் மனைவியும் தமிழ்நாட்டுக்குப் போனோம். சேலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர்; தெருவுக்குத் தெரு மரச்சிலை செதுக்குகிறார்கள். அவள் ஒரு சாண் உயரத்தில் ஒரு முருகனைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் பின்னால் போய், பட்டறையில் நின்றிருந்த இந்த முருகனைக் காட்டினேன். செதுக்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வீட்டுக்கா, கோயிலுக்கா?”

வீட்டுக்கு என்றேன்.

“சாணுக்கு மேல போனா தினம் ரெண்டு வேளை சோறு வெக்கணும்யா. பூட்டிட்டு ஊருக்குப் போக முடியாது. அழகுக்கு வெக்கறதுன்னா சொல்லுங்க, கண்ணைத் திறக்காமலே தரேன். அப்படியே நிக்கட்டும்.”

அழகுக்கு வைக்க நான் என்ன ஹோட்டலா நடத்துகிறேன்? கண்ணை எங்கள் ஊரில் வைத்துத் திறந்துகொள்கிறேன், கருவிழியை மட்டும் கீறாமல் விட்டுத் தாருங்கள் என்றேன். கப்பலில் வந்து, தாப்பா ரோட்டில் என் சொந்த லாரியில் ஏறி வந்தார் முருகன். படுக்க வைக்காமல், நிற்க வைத்துக் கட்டி, நானே பின்னால் உட்கார்ந்து வந்தேன். தோட்டத்துக் கோயில் பூசாரி தங்க ஊசியால் கண்ணைத் திறந்தார். மூன்று தோட்டத்துச் சனங்களுக்குச் சாப்பாடு போட்டேன். அந்தச் சாப்பாட்டை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அன்றிலிருந்து என் மனைவி ஒரு வேளை தவறவிட்டதில்லை. காலையில் பொங்கலோ தயிர்ச்சோறோ, சாயங்காலம் விளக்கும் ஏதாவது ஒரு சுண்டலும். மரச்சாமிக்குப் பாலாபிஷேகம் கிடையாது. காய்ந்த துணியால் துடைத்து, விரலில் சந்தன எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். இந்த மலைப் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டால் மயில் தோகைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அவள் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துக்கொண்டு தோகையை ஒவ்வொரு கண்ணாகத் துடைப்பாள். முருகன் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. நான் போனால் அவள் வீட்டில் இருப்பாள். அவளை அனுப்பினால், சமைத்து மூடி வைத்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் திரும்பி வருவாள்.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. அந்த நாள்களில் ஈப்போவில் இருக்கும் என் மகள் லீவு போட்டு இங்கே வந்து முருகனைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சிக்கல். கதிர் வைத்து எரிக்கும் வைத்தியம் சில வாரம் தினமும் எடுக்க வேண்டும் என்றார்கள். இந்த வளைவு ரோட்டில் அவளைத் தினமும் இறக்கி ஏற்ற முடியாது. மகள் வீட்டில்தான் தங்க வேண்டும். மகளுக்கு இனி லீவு கிடையாது, வேலையே போய்விடும்.

அவள் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. தைப்பூசம் முடியட்டும் என்றாள். தைப்பூசம் முடிந்தது. கிருத்திகை முடியட்டும் என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி ஒன்று அப்படியே போயிற்று. தள்ளிப் போட்டால் திரும்ப வரும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றேன். கட்டி வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

“அரிசி எந்த டின்ல இருக்குன்னு தெரியுமாங்க உங்களுக்கு?”

சரி, முருகனை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்று கிளம்பினேன். கோலாலம்பூர் மார்க்கெட்டில் நான் விற்காத சரக்கு கிடையாது. மழையில் நனைந்த சாமந்தியையே விற்றிருக்கிறேன். சாமியைச் சும்மா கொடுப்பதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

முதலில் அதே பூசாரியிடம் போனேன். கோயிலில் கல்லும் ஐம்பொன்னும்தான், மரத்துக்கு இடமில்லை என்றார். கமிட்டியில் நான் பேசுகிறேன் என்றேன். அவர் என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மரத்தடியில், சனங்கள் வீடு மாறும்போது கொண்டுவந்து விட்டுப் போன சாமி படங்கள் சாய்ந்து கிடந்தன. கண்ணாடி உடைந்த லட்சுமி, மழையில் ஊறிய பிள்ளையார், கை போன ஒரு பீங்கான் அம்மன். மேலே பாசி ஏறியிருந்தது.

“இப்படித்தான் வந்து சேருது தவுக்கே. ஒங்க முருகனையும் இங்க நிக்க வெக்கவா?”

கண் திறந்ததை மூடுவதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டேன். சக்தியை ஒரு குடத்துத் தண்ணீரில் இறக்கலாம், செய்து தருகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

“ஆனா அந்தக் குடத்துக்கும் ரெண்டு வேளை பூசை உண்டுலா. அதையும் நீங்கதான் வீட்ல வெச்சிக்கணும்.”

அந்த மரத்தடியைப் பற்றி வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை.

கோலாலம்பூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டேன். அவன் வீடு பதினெட்டாவது மாடி; அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் போனால் இருட்டித்தான் வருகிறோம், சோறு யார் வைப்பது என்றான். வேண்டுமானால் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே லைட் போட்டு, ஹாலில் அழகாக வைத்துவிடலாமா அப்பா என்று கேட்டான். என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் நேபாளிகளும். ஒரு நேபாளி முருகனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கும்பிடுவான். அவனைக் கேட்டேன், சந்தோஷமாகச் செய்கிறேன் பாஸ் என்றான். ஆனால் லாரியோடு வாரத்தில் பாதி நாள் இறங்கிப் போகிறவன் அவன். லாரி அவனை விட்டால் ஓடாது. ஈப்போவுக்கே முருகனைத் தூக்கிப் போகலாம் என்றால், மகள் இருப்பது மூன்றாவது மாடியில் வாடகை வீடு. படிக்கட்டுத் திருப்பத்தில் மயில் நுழையாது, அளந்து பார்த்துவிட்டேன்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. உன் உயிரை விடவா, அது மரம்தானே என்று கத்திவிட்டேன். அவள் பிரஷை வைத்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“ஊர்ல வேற யாராச்சும் மரம்னு சொல்லலாங்க. நீங்க சொல்லக்கூடாது. சனத்தைக் கூட்டி வெச்சுக் கண்ணைத் திறந்தவரு நீங்க. இப்ப பூட்டிட்டுப் போனா, அது இருட்டுல முழிச்சிக்கிட்டுப் பசியோட நிக்கும். என்னால அங்க படுத்திருக்க முடியுமா?”

பெரிய பெரிய புரோக்கர்கள் என்னோடு பேசி ஜெயித்ததில்லை. நான் லாரி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தாள். விறகடுப்பில் வளர்ந்த எனக்கு கேஸ் அடுப்பு என்ன பெரிய வித்தை என்றுதான் நின்றேன். வித்தை அடுப்பில் இல்லை. சாமிக்கு வைக்கும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது. வாயில் வைத்துப் பார்க்காமல் உப்பு போட வேண்டும். பெண்கள் கையாலேயே அளந்துவிடுகிறார்கள். என் கை உரம் அள்ளின கை. முதல் நாள் பொங்கலை முருகனுக்கு வைத்துவிட்டு, பிறகு அவள் ஒரு வாய் எடுத்தாள். கொஞ்ச நேரம் மென்றாள்.

“பாவம், அவனும் புள்ளைதானே. சாப்பிட்டுக்குவான்.”

மகளின் கார் ஒரு சாயங்காலம் வந்தது. விளக்கு வைக்கும் நேரம். நான் கூடப் போக முடியவில்லை. வாசலில் நின்று, கார் தேயிலைச் சரிவில் வளைந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து திரி போட்டேன். அன்றைக்குத் திரி நிற்கவே இல்லை.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். விடியும் முன்பே முருகனுக்கு வைத்துவிட்டு, கம்போங் ராஜா வழியாக இறங்கினேன். அவள் தோளுக்குக் கீழே தோல் கறுத்திருந்தது. எரிகிறதா என்றேன். இல்லை, மருந்து தடவுகிறார்கள், பரவாயில்லை என்றாள். சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரந்தான் உட்கார்ந்தேன். திரும்பும்போது மேலே பள்ளி விடுமுறைக் கூட்டம். ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இருட்டிவிட்டது. போன் வந்தது. ஏற்றியாச்சா என்று கேட்டாள். என்னைச் சுற்றி ஹார்ன் சத்தம். பொய் சொல்லவும் முடியவில்லை. நான் வீடு வந்து விளக்கை ஏற்றிச் சொல்லும்வரை அவள் அங்கே பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். அப்பா, நீங்கள் வராதீர்கள், அம்மாவுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னாள். இத்தனை சம்பாதித்தவன், என் பெண்டாட்டி படுத்திருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது.

அதனால் போன்தான். காலைப் பூசை முடிந்ததும் மகள் வேலைக்குக் கிளம்பும் முன்னால் படத்தோடு கூப்பிடுவாள். நான் போனை முகத்துக்கு நேரே பிடித்து என் மனைவியைப் பார்ப்பேன். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. எப்படி இருக்கிறாய் என்றால் பரவாயில்லைங்க என்பாள். அப்புறம், அவனைக் காட்டுங்க என்பாள். படத்தைத் திருப்ப போனுக்குள்ளேயே ஏதோ ஒரு பொத்தான் இருக்கிறதாம்; மகள் சொல்லிக் கொடுத்தாள், எனக்குப் பிடிபடவில்லை. நான் போனையே திருப்பி முருகன் முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். அப்போது எனக்குத் தெரிவது போனின் முதுகு மட்டும்தான். அவள் முகம் முருகனுக்கு.

போன வாரம் ஒரு நாள், அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். சரி என்று சொன்னேன். சாய்த்து வைத்தேன், எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. சத்தம் போடாமல் மறுபடியும் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் குரல், ஏதோ சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி.

“ராத்திரியெல்லாம் எரியுதுப்பா. துணி பட்டாலே உயிர் போகுது. முடியலடா எனக்கு. அவருகிட்ட சொல்லிடாத. அவரால என்ன பண்ண முடியும், பாவம்.”

அழுதாள். நான் பார்க்கவில்லை; கேட்டேன். போன் ஆடினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எதிரே முருகன் கண்ணைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனையே பார்த்தேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, என்னங்க, இருக்கீங்களா என்று கூப்பிட்டாள். நான் போனை அசைக்காமல் தலையை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் திருப்பி, எட்டத்திலிருந்து வருகிற மாதிரி குரல் கொடுத்துவிட்டு, பிறகு போனைத் திருப்பினேன். முகத்தைத் துடைத்திருந்தாள். கண் மட்டும் சிவப்பு.

“சாப்பிட்டீங்களா?”

“ம், ஆச்சு.”

“இன்னிக்கு என்ன வெச்சீங்க அவனுக்கு?”

“பொங்கல்.”

“உப்பு?”

“சரியா இருந்துச்சு” என்றேன். அன்றைய பொங்கலை நான் இன்னும் தொட்டே பார்க்கவில்லை.