என் விரல்கள் கண்டுபிடித்த கட்டி

1997-ஆம் ஆண்டு, மழை தொடங்கியிருந்த சமயம். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஈஜிபுராவில் வாடகை வீடு. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை.

என் வேலை வெள்ளைச் சுண்டெலிகளோடு. புற்றுநோயை உண்டாக்கும் மஞ்சள் நிற ரசாயனப் பொடி ஒன்றை எண்ணெயில் கரைத்து எலியின் தொடையில் ஊசி போடுவோம். சில மாதங்களில் கட்டி வரும். அதை அறுத்தெடுத்துவிட்டு, அதே கட்டியின் செல்களை அந்த எலிக்கே மறுபடி செலுத்துவோம். பல எலிகளுக்கு இரண்டாம் முறை கட்டி வளராது. உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துவைத்துக்கொண்டு விரட்டிவிடும். அது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. எலிகளின் தொடையை விரலால் உருட்டிப் பார்த்துக் கட்டி வந்திருக்கிறதா என்று குறிப்பது என் பொறுப்பு. கடுகளவு இருந்தாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலை குளிக்கும்போது, இடது அக்குளில் அதே விரல்கள் நின்றுவிட்டன. பட்டாணி அளவில் ஏதோ ஒன்று. வலியில்லை. கெட்டியாக இருந்தது.

முந்தின வருடம் கையுறை கிழிந்து அந்த மஞ்சள் நிறக் கரைசல் என் இடது மணிக்கட்டில் வழிந்திருந்தது. அப்போதே சோப்புப் போட்டுக் கழுவி, மறந்தும் போயிருந்தேன். குளியலறையில் நின்றபோது அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை உண்டாக வேண்டுமென்று நாங்கள் காத்திருந்த நேரம் அது. "தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துடட்டுமா?" என்று கணவர் கேட்டார். தீபாவளிக்கு நான் எப்படி இருப்பேனோ என்ற பயத்தில், காது கேட்காதவள் போல எழுந்து போய்விட்டேன்.

வேலையிலும் கவனம் செலுத்த முடியவில்லை. அதுவரை ஓர் எலியின் தொடையில் கட்டி தட்டுப்பட்டால், சோதனை சரியாகப் போகிறது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வரும். அந்த வாரம் கட்டி தட்டுப்பட்ட ஒவ்வொரு முறையும் கை தானாக என் அக்குளுக்குப் போனது.

என்னோடு அதே மேஜையில் வேலை செய்த கன்னடத் தோழி கவனித்துவிட்டாள்.

"ஏனாயித்து, என்ன ஆச்சு உனக்கு? ஒரு வாரமா பார்க்கறேன், கை அங்கேயே போகுது."

சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் என்னைப் போலவே பழகிய விரல்கள். முகம் மாறியதை அவளால் மறைக்க முடியவில்லை.

"நாளைக்கே ஆஸ்பத்திரி போலாம். நானும் வரேன். சும்னே, சும்மா யோசனை பண்ணாதே."

மறுநாள் சிவாஜிநகர் பக்கம் ஒரு மருத்துவமனையில் கட்டிக்குள் ஊசி விட்டுப் பரிசோதனைக்குக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்தார்கள். அடுத்த நாள் மதியம் ரிசல்ட். விடுப்புப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் தோழி. ஒரு தைரிய வார்த்தைகூடச் சொல்லவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

பரிசோதனை செய்த டாக்டரம்மாவே வெளியே வந்தார்.

"நீங்க லேப்ல இருக்கறவங்கதானே? உள்ளே வந்து நீங்களே பாருங்க."

தோழிதான் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பதற்றத்தில் எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"கேன்சர் இல்லம்மா. டிபி கட்டி. மாத்திரையிலேயே கரைஞ்சிடும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கிருமியைச் சுற்றிவளைக்க வந்த செல்கள் கூட்டம் கூட்டமாக நின்றிருந்தன. நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் என் உடம்பு எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த தோழிதான் அழுதாள்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டிபின்னு சொல்லிட்டுச் சிரிக்கறியே!" என்று திகைத்தவர், முழுவதும் புரிந்ததும் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "இத்தனை நாள் தனியா வெச்சுக்கிட்டு இருந்தியா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

ஊசி குத்தியதைவிட அது வலித்தது.

பல மாதம் மாத்திரை சாப்பிட்டேன். கட்டி கரைந்தது. பிறகு மகளும் பிறந்தாள். இன்றும் தெரிந்தவர் யாராவது இப்படி ஒரு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்றால், 'ஒன்றும் இருக்காது' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.