மாடுகளுக்கு வழிவிடும் ரயில்: ஜா-எலவில் ஒரு பண்ணைப் பூங்கா

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வகுப்பில் எல்லோரும் பண்ணைப் பூங்காவுக்குப் போய்விட்டார்களாம், அவள் மட்டும்தான் பாக்கியாம். ஜா-எலப் பக்கம் ஒரு குடும்பம் தங்கள் மாட்டுப் பண்ணையைப் பொழுதுபோக்குப் பூங்காவாக்கியிருக்கிறது. பூங்கா என்றாலே எனக்கு வெயிலும் வரிசையும் விலை கூடிய ஐஸ்கிரீமும்தான். ஆனாலும் கிளம்பினேன்.

வெள்ளவத்தையிலிருந்து போகக் கார் தேவையில்லை. காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டை, அங்கிருந்து நீர்கொழும்பு பஸ், ஜா-எலவில் இறங்கி ஓட்டோ. ஓட்டோக்காரர் அறுநூறு கேட்டு ஐந்நூறுக்கு இறங்கினார். மொத்தம் இரண்டேகால் மணித்தியாலம். நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு ஆயிரத்து இருநூறு, பிள்ளைகளுக்கு எண்ணூறு. ரயில் சவாரியும் அதற்குள் அடக்கம்.

வாசலில் சீட்டுக் கிழித்தவர் வசந்தா அக்கா. அவரும் அண்ணன் யோகனும்தான் உரிமையாளர்கள். இவர்களின் அப்பா கொட்டாஞ்சேனையில் மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றியவர். அங்கே மாடு கட்ட இடமில்லாமல் போக, இங்கே தென்னங்காணி வாங்கி வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கன்றுக்குட்டி பார்க்க வந்தபோது புல்லு வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினாராம். பிள்ளைகள் இறங்க மறுத்தார்களாம். பிறகு ஊஞ்சல், சறுக்கு, கடைசியில் குட்டி ரயில்.

அந்த ரயிலில்தான் விஷயம் இருக்கிறது. மாடுகள் மேய்ந்து திரும்பும் தடம் குளம்பு பட்டுப் பட்டுச் சீமெந்து போல் இறுகிக் கிடந்தது. நிலம் நிரவும் வேலை மிச்சம் என்று யோகன் அண்ணன் தண்டவாளத்தை அதன் மேலேயே போட்டுவிட்டார். மாட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்? மாடுகள் வழியை மாற்றவில்லை. தினமும் நாலு மணிக்கு ஆறு மாடுகளும் தண்டவாளத்திலேயே ஆடி அசைந்து தொழுவத்துக்குப் போகும். ரயில் பின்னால் ஊர்ந்து வரும்.

"முந்திச் சனம் ஏசினது," என்றார் வசந்தா அக்கா. "இப்ப மாடு வராட்டித்தான் ஏசுது. ஆனா இண்டைக்குத்தான் கடைசி. அண்ணன் மாடு எல்லாத்தையும் விக்கிறார். தொழுவத்தை இடிச்சு நீச்சல் தடாகம் கட்டப் போறாராம்."

"நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லேல்லையா?"

"சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு. விடிய எழும்பிப் பால் கறக்காமல் நான் என்ன செய்யிறது?"

முன்பின் பார்த்திராத அந்த யோகன் அண்ணன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மூன்றரைக்குக் குருநாகலில் இருந்து மாட்டு வியாபாரி லொறியோடு வந்து தொழுவத்தடியில் நிறுத்தினார். கடைசி ரயிலை ஓட்டியவர் யோகன் அண்ணன்தான். நாங்கள் முதல் பெட்டியில் இருந்தோம். மாடுகள் தண்டவாளத்தில் ஏறியதும் அவர் ஹோர்ன் அடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, "நட பிள்ளை, அவசரமில்லை," என்று முன்னால் போன சிவப்புப் பசுவோடு கதைத்துக்கொண்டே வந்தார். விற்கப்போகிறவர் பேசும் பேச்சா அது?

தொழுவத்தடியில் வியாபாரி கயிற்றோடு நின்றார். யோகன் அண்ணன் இறங்கிப்போய் அவரோடு சிங்களத்தில் கதைத்தார். சிவப்புப் பசு சினையாம். சினை மாட்டை வீட்டை விட்டு அனுப்புவது தங்கள் குடும்பத்தில் வழக்கமில்லையாம். மற்ற ஐந்தையும் ஏற்றட்டுமா என்று வியாபாரி கேட்டார். தனியே விட்டால் சிவப்பி தீன் எடுக்காதாம். கன்று போட்ட பிறகு வரச் சொன்னார் யோகன் அண்ணன். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே வெறும் லொறியைத் திருப்பினார்.

"சினை எண்டு உங்களுக்கு இப்பதானா தெரியும்?" என்றார் வசந்தா அக்கா. அண்ணன் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

போக நினைப்பவர்களுக்கு: மதியத்துக்குப் பிறகு போங்கள், வெயில் தாழும். சாப்பாடு கொண்டு போங்கள், உள்ளே ரோல்ஸ் மட்டும்தான். நாலு மணி ரயிலில் முதல் பெட்டியைப் பிடியுங்கள், அவசரப்படாதீர்கள்.

மாடுகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்பீர்கள். இதை எழுதுமுன் வசந்தா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், சிவப்பி நாம்பன் கன்று போட்டிட்டாள். வியாபாரியும் வந்தவர். ஆனா இப்ப கறுப்பி சினை," என்றார். "சினை ஊசி போட மாட்டு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்ததே அண்ணன்தான்."