காற்றை விரட்டிய செப்புக்காசு

காய்ச்சலின் சூட்டை உண்டாக்குவது யார்? கிருமியா, நம் உடம்பா? பக்கத்து வீட்டு சுதிக்னோ இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாததை அவர் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை.

"ரெண்டும் இல்ல பாப்பா, காத்து. உள்ள புகுந்துக்கிட்டு சூடு பண்ணுது. இத்தன வருஷம் படிச்சியே, இதக்கூடவா சொல்லித் தரல?"

சுதிக்னோவின் தொழில் குட்டையில் கெளுத்தி வளர்ப்பது. பெருமை மட்டும் வேறிடத்தில். டச்சுக்காரர் காலத்துச் செப்புக்காசு ஒன்று வைத்திருந்தார். எங்கள் போயோலாலி வட்டாரத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அது உள்ளே புகுந்த காற்றுதான். முதுகில் தைலம் தடவிக் காசால் சுரண்டுவார்கள். கோடு கோடாகச் சிவந்தால் காற்று வெளியேறிவிட்டது. மெல்லத் தேய்த்தால் பெரிய கேடு ஒன்றுமில்லை. இவரோ மரம் இழைப்பதுபோல் சுரண்டுவார். தெருவில் உள்ள எல்லா முதுகுகளுக்கும் அதே காசு. கழுவினால் வீரியம் போய்விடுமாம், இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொள்வார். குட்டையில் இறங்குவதும் அதே சாரத்தோடுதான்.

சென்ற மழைக்காலத்தில் அவர் மனைவி வர்சினிக்கு வெறும் சளியும் உடம்புவலியும். சுரண்டினார். தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. கெட்ட ரத்தம் என்று மகிழ்ந்தார். அந்த முதுகோடு அவள் குட்டையில் இறங்கி வலை இழுத்தாள். பிறகு காய்ச்சல் கொதித்தது. அவர் அதே புண்ணின்மேல் மறுபடியும் சுரண்டினார்.

நான் கஞ்சி கொண்டுபோனபோது, கண்காட்சிக்கு வைத்ததுபோல் அவள் முதுகைக் காட்டினார்.

"பாரு, எவ்வளவு காத்து. இப்படிச் சிவந்து நானே பார்த்ததில்ல."

ஒரு பக்கம் முழுக்க வீங்கி, தொட்டால் சுட்டது. சிவப்பு இடுப்புவரை இறங்கியிருந்தது.

"பாக்டே," என்றேன், பெரியப்பா முறையில். "இடுப்புல சுரண்டினீங்களா?"

"இல்லயே."

"அப்ப அங்க எப்படிச் சிவந்துச்சு?"

"காத்துக்கு வழி பழகிடுச்சு. தானா இறங்குது."

வர்சினி கண் திறக்காமல், "மீனுக்குத் தீனி போட்டாச்சா?" என்றாள். போட்டாயிற்று என்றேன். உடனே அதையே கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அவள் பிழைக்கமாட்டாள் என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லை; அவர் தைலம் தேடிக்கொண்டிருந்தார்.

மீன் ஏற்றும் மூன்று சக்கர வண்டியை வரவழைத்து அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா முதுகைப் பார்த்தார்.

"யார் செஞ்ச வேலை இது?"

"நான்தான்," என்றார் சுதிக்னோ, பரிசு வாங்கும் குரலில்.

"நல்லாச் செஞ்சீங்க. சுவத்த நீங்களே இடிச்சுக் கிருமிய உள்ள விட்டுட்டு, அதோட சண்டை போட வந்தவங்களப் பார்த்துக் காத்துங்கறீங்க."

சுவர் என்றது தோலை. அது கிழிந்தால் கிருமி நுழையும். ரத்தக் குழாய்கள் விரிய, வெள்ளை அணுக்கள் அங்கே விரைந்து வந்து கிருமியை விழுங்கும். அந்த இடம் சிவந்து சுடுவது அதனால்தான். சீழில் கிடப்பவை பெரும்பாலும் அப்படிப் போராடிச் செத்த அணுக்கள். பல கிருமிகள் சூட்டில் திணறும் என்பதால் உடம்பே தன் சூட்டை ஏற்றிக்கொள்கிறது. காய்ச்சல் நம்முடையது, இதுதான் அன்று நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதில். அந்தக் கிருமியை அடையாளம் கண்டு அதற்கென்றே எதிர்ப்புப் பொருள் செய்யும் அணுக்களும் உண்டு. அவற்றுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். சுதிக்னோ அதையும் சுரண்டி எடுத்துவிட்டார். டாக்டரம்மா அனுப்பிவைத்த பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றிய மருந்துதான் அந்த அவகாசத்தைத் திருப்பிக் கொடுத்தது.

வர்சினி பிழைத்து வீடு திரும்பினாள். வாசலில் கூடியவர்களிடம் சுதிக்னோ சொன்னார்: "முக்கால்வாசிக் காத்த நானே எடுத்துட்டேன். டாக்டருக்கு மிச்சம்தான்."

வர்சினி உள்ளே போனாள். காசை எடுத்துவந்து குட்டையில் எறிந்தாள்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இன்றைக்கும் சேற்றைக் காலால் துழாவுகிறார்.

"தேடுங்க," என்றாள் வர்சினி அன்றே, கரையிலிருந்து. "கெளுத்திக்குக் காய்ச்சல் வந்தா உதவும்."

உங்கள் தெருவிலும் ஒரு சுதிக்னோ இருப்பார். அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் முன் முதுகைக் காட்டி உட்காரப் போகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.