சின்னத்துரைக்குக் காவல்

பதுளை ரயில் நிலையத்துக்கு மேலே ஏறும் பாதையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஐந்து வீடுகள் இருக்கின்றன. நான்காவது மாணிக்கராஜ் அண்ணனுடையது, ஐந்தாவது என்னுடையது. நடுவில் இருப்பது பலகைச் சுவர். அதனால் அந்த வீட்டைப் பற்றி நான் சொல்லப்போகும் எதுவும் ஒட்டுக்கேட்டதல்ல, காதுக்குத் தானாக வந்து சேர்ந்தது.

மாணிக்கராஜ் அண்ணன் கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தொரு வருஷம் வாச்சராக இருந்தவர். காவல்காரன் என்று சொன்னால் கோபம் வரும். காவல்காரன் கதிரையில் உட்கார்ந்திருப்பவன், வாச்சர் சுற்றி வருபவன் என்பார். ஃபெக்டரியைச் சுற்றி ஏழு இடங்களில் சங்கிலியில் ஒவ்வொரு சாவி தொங்குமாம். வாச்சர் தோளில் ஒரு கடிகாரத்தை மாட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு சாவியையும் அதற்குள் விட்டுத் திருக வேண்டும். உள்ளே இருக்கும் கடதாசியில் நேரம் விழும். காலையில் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மனேஜர், அதை எடுத்துப் பார்ப்பார். எத்தனையோ சின்னத்துரைமார் வந்து போனார்கள். மாணிக்கராஜின் கடதாசியில் ஒரு நிமிஷம் பிசகியதில்லை. இதை அவர் வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய காவலில் இருப்பது ஒரு பூனை. அதற்குப் பெயரும் சின்னத்துரைதான்.

பெயர் வைத்தது ஒரே மகள் றொஷேல். அவள் ஓமானில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். இந்தப் பூனைக்கு முன்னால் அவள் ஆசையாக வளர்த்த பியூட்டி என்று ஒரு பூனை இருந்தது. எங்கள் வீடுகளுக்கு மேலே மரக்கறிப் பாத்திகள். அங்கே எலிக்கு மருந்து வைப்பார்கள். ஒரு நாள் பியூட்டி அங்கே போய்விட்டு வந்து, பின்வாசலில் படுத்தது. பிறகு எழும்பவில்லை. றொஷேல் வெளிநாடு போய் அப்போது நாலு மாசம்.

தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். யார் போட்ட சட்டமோ தெரியாது. பெற்றவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் "அம்மா கோயிலுக்குப் போயிருக்கா" என்றுதான் சொல்வோம். அண்ணனின் மனைவி றோசாலி அக்காவும் பியூட்டி தூங்குகிறது, மேல் வீட்டுக்குப் போயிருக்கிறது, போன் வெளிச்சத்துக்குப் பயப்படுகிறது என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினார். பழைய படங்களும் கைகொடுத்தன.

லீவில் வந்த றொஷேல் முதல் வேலையாகப் பியூட்டியைத் தேடினாள். உண்மை வெளியே வந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"ஒரு பூன செத்ததையே சொல்லலயே அப்பா. இனிமே எல்லாரும் நல்லா இருக்கோம்னு நீங்க சொன்னா, நான் அங்க இருந்துகிட்டு எத நம்புறது?"

அந்த ஒரு வருஷத்தில் "பியூட்டி நல்லா கொழுத்துப் போச்சு" என்று போனில் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

திரும்பிப் போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, பஸ் நிலையத்தில் மொனராகலை பஸ்ஸுக்கு அடியில் கிடந்த ஒரு குட்டியை அவள் தூக்கி வந்து அப்பாவின் கையில் வைத்தாள். வீட்டை விட்டு வெளியே விடக் கூடாது. தினமும் பின்னேரம் ஐந்தரைக்கு வீடியோவில் உயிரோடு காட்ட வேண்டும். படம் அனுப்பி ஏமாற்றக் கூடாது. மூன்றுக்கும் மாணிக்கராஜ் அண்ணன் தலையாட்டினார். ஒரு ஃபெக்டரியையே காத்தவருக்கு ஒரு குட்டி எம்மாத்திரம்? அப்படித்தான் நானும் நினைத்தேன்.

குட்டி வளர்ந்தது. உடம்பை விட மூளை வேகமாக வளர்ந்ததுதான் தொல்லை. பத்து மாசத்தில் ஜன்னல் கொக்கியைத் தூக்கக் கற்றுக்கொண்டது. அண்ணன் ஜன்னல்களுக்குக் கோழி வலை அடித்தார். ஃபிரிஜ்ஜைத் திறந்தது. அதற்குக் கயிறு கட்டினார். செய்ய ஒன்றும் இல்லாத நாட்களில் றோசாலி அக்காவின் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் நூல் நூலாக இழுத்தது. பூனைக்குப் பைத்தியம் என்று பயந்து, கூடையில் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள்.

அந்த டொக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, பூனைக்கு வியாதி ஒன்றும் இல்லை, வேலைதான் இல்லை என்றாராம். வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதானால் சாப்பாட்டை ஒளித்து வைத்துத் தேடி எடுக்க விடுங்கள், உயரத்தில் ஏறி உட்கார இடம் கொடுங்கள், ஜன்னல் வழியாகப் பார்க்க ஏதாவது இருக்கட்டும், நீங்களும் கூடச் சேர்ந்து விளையாடுங்கள், எல்லாவற்றையும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கடைசி வசனம் அண்ணனின் காதில் ஏறவே இல்லை. வேலை என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குள் ஏழு இடம் குறித்தார். முதலாவது முன்னறையில் டீவி அலுமாரியின் உச்சி. அங்கே ஏறுவதற்குச் சுவரில் பலகைப் படிகள் அடித்தார். இரண்டாவது ஜன்னல் ஓரம். வெளியே கொய்யா மரத்தில் பழுத்த பழத்தைக் குத்தி வைப்பார், கொண்டைக்குருவிகள் வரும், துரை உள்ளே இருந்து பல்லைக் கடிப்பார். முட்டை அட்டைக் குழிகளில் கடதாசி உருண்டைகளுக்கு அடியில் நெத்தலி ஒளித்தது ஓரிடம், முடிச்சுப் போட்ட பழைய காலுறை ஓரிடம், வெறும் கடதாசிப் பெட்டி ஓரிடம். ஆறாவது குசினிப் பின்கதவு. ஏழாவது குளியலறைக் கூடை. காலை எட்டு மணி தொடங்கி மாலை ஆறு மணி வரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு ரவுண்டு. நெத்தலி போட்ட பால்மா டின்னைக் குலுக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் போவார். வாலைத் தூக்கிக்கொண்டு துரை பின்னால் வருவார். ஒவ்வோர் இடத்திலும் அண்ணன் வலையையும் கொக்கியையும் இழுத்துப் பார்ப்பார், துரை தன் பங்கைத் தேடி எடுப்பார். "துரை, ரவுண்டுக்கு வாங்க" என்ற சத்தத்தை வைத்து நான் என் வீட்டு மணிக்கூட்டைத் திருத்திக்கொள்வேன்.

கலியாணம் கட்டி முப்பத்தேழு வருஷத்தில் தன்னை ஒருநாளும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை என்று றோசாலி அக்கா என் மனைவியிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

சேலை தப்பியது. பூனை மினுமினுவென்று ஆனது. ஒன்று மட்டும் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அண்ணனின் முப்பத்தொரு வருஷத்தில் ஃபெக்டரியில் ஒரே ஒரு களவு நடந்தது. ஒன்பது மூட்டைத் தூள் போனது. விசாரணையில் அவருடைய கடதாசியை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நிமிஷமும் பிசகவில்லை. பிடிபட்ட ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். அவரு நேரம் தவற மாட்டாருங்க, மூணாம் சாவிக்குப் போனா திரும்பி வரப் பத்து நிமிஷம் இருக்குங்க என்று. அவர் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்றைக்கும் ஆறாத புண்.

ஐந்தரைக்கு றொஷேல் பேசும்போது நானும் அங்கே போய்விடுவேன். றோசாலி அக்கா போனைப் பூனையின் மூக்குக்கு நேரே பிடிப்பார். படத்தை மாற்றி வைத்திருப்பதால் திரை முழுக்கத் துரையின் மீசை. மூலையில் சின்னதாக றொஷேலின் முகம். அவள் இடது கையால் ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டு, எல்லாரும் சுகமா என்று கேட்பாள். சுகம் என்போம். அவளும் சுகம் என்பாள்.

போன ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, நாலு மணி ரவுண்டு. மழை வரும் போலிருந்ததால் கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க அக்கா பின்பக்கம் போனார். கதவைக் கொண்டி போடாமல் சும்மா சாத்திவிட்டுப் போனார். அண்ணன் முன்னறையில் முதலாவது இடத்தில் நின்றுகொண்டு டின்னைக் குலுக்கினார். துரை வரவில்லை. வழியில் சேர்ந்துகொள்வார் என்று நினைத்து, ஒழுங்கு மாறாமல் இரண்டாவதுக்குப் போனார், மூன்றாவதுக்குப் போனார். ஆறாவது இடத்துக்கு வர ஒன்பது நிமிஷம் ஆனது. கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது.

மரக்கறிப் பாத்திகளில் தேடினோம். அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தோம். கீழே ஆட்டோக்கள் வளைந்து ஏறும் முடக்கு வரைக்கும் போய் வந்தோம். அண்ணன் டின்னைக் குலுக்கிய குலுக்கில் வேறு மூன்று பூனைகள் வந்தன. ஐந்து இருபத்தைந்துக்கு மூன்று பேரும் வீட்டுக்குள் வந்து நின்றோம்.

"தூங்குறாருன்னு சொல்லுங்க," என்றார் றோசாலி அக்கா. "நேத்து எடுத்த வீடியோ போன்ல இருக்கு. நாளைக்குள்ள கெடச்சிருவாரு."

நானும் அதுதான் சரி என்றேன். புத்தி வந்திருக்க வேண்டியவன்தான், ஆனால் சட்டம் சட்டம்தானே. போன் அடித்தது. மகள் முன்பு கேட்ட கேள்வி அந்த அறையில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் நினைவிருந்தது. இன்னொரு பொய் சொன்னால் அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டில் எதையும் நம்ப மாட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் அங்கே தனியே உட்கார்ந்து அழுவாள். அண்ணன் போனை எடுத்து, வழக்கத்துக்கு மாறாகத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"துரை வீட்டுல இல்ல மகள். நாலு மணிக்குப் பின்கதவால போயிட்டாரு. தேடிப் பார்த்துட்டோம், கெடைக்கல. கதவப் பார்க்க வேண்டியவன் நான்."

அவள் முகம் அசையவில்லை. நெட்வேர்க் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"நாலு மணி ரவுண்டுலயா அப்பா?"

"ஆமா."

"நீங்க எந்த நேரம் எங்க நிப்பீங்கன்னு அதுக்கு மனப்பாடம்," என்றாள். குரல் உடைந்திருந்தாலும் சொல்லில் தடுமாற்றம் இல்லை. "அப்ப ஆறு மணியும் தெரியும்தானே. இனித் தேடாதீங்க. ஆறு மணிக்கு எப்பவும் போல ரவுண்டு போங்க. நான் போன வைக்க மாட்டேன்."

மழை பிடித்துக்கொண்டது. ஐந்து ஐம்பதுக்கு, இப்போதே போனால் என்ன என்று அக்கா கேட்டார். அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்தபடியே தலையசைத்து மறுத்தார். சரியாக ஆறு மணிக்கு எழும்பி டின்னைக் குலுக்கினார். "துரை, ரவுண்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். ஆளில்லாத ரவுண்டு முதலாவது, இரண்டாவது என்று ஓரிடம் விடாமல் நடந்தது. போனைப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால் போனார், அவருக்குப் பின்னால் நான். ஆறாவது இடத்தில் அண்ணன் கதவைத் திறந்தார்.

உடுப்புத் துவைக்கும் கல்லில், கூரை விளிம்புக்கு உள்ளே, கால்களில் மட்டும் சேற்றோடு துரை உட்கார்ந்திருந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே வந்து, மூவரையும் தாண்டி, ஏழாவது இடத்தில் போய் நின்றார். ரவுண்டு இன்னும் முடியவில்லை அல்லவா?

மாணிக்கராஜ் அண்ணன் குசினித் தரையில் உட்கார்ந்து அழுதார். அக்கா போனைப் பூனையின் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் றொஷேலும் அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, போன வாங்குங்க. நானும் ஒண்ணு சொல்லணும். சத்தம் போடக் கூடாது."

அண்ணன் வாங்கினார். அவள் வலது கையைத் திரைக்குள் தூக்கினாள். விரல் அடியிலிருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. வெள்ளை அழுக்காகிப் போயிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இருபத்து மூன்று நாளாம். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். தூரத்தில் இருக்கிற உங்களுக்கு எதற்குக் கவலை என்று சொல்லாமல் இருந்தாளாம். சட்டத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை.

"நீங்க இன்னைக்குப் பொய் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள்.

றோசாலி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இருபத்து மூன்று நாளும் ஐந்தரைக்கு அந்தப் போனைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தோம். பூனையின் மீசை சரியாக விழுகிறதா என்று பார்த்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் அந்த மாவுக்கட்டையே பார்த்தார்.

"இருபத்து மூணு ரவுண்டு. ஒண்ணுலயும் நான் பார்க்கல," என்றார்.

அதற்குப் பிறகு பின்கதவுக்கு இரண்டாவது கொண்டி வந்தது. ரவுண்டு இப்போது எந்த நேரமும் வரும், ஏழாவதிலிருந்து தொடங்கி முதலாவதில் முடிந்தாலும் முடியும். துரை நாள் முழுவதும் யோசனையில் இருக்கிறார். என் மணிக்கூட்டை நானே திருத்திக்கொள்கிறேன்.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் ஐந்தரைக்கு நான் போனபோது, அக்கா வழக்கம்போலப் பூனையைத் தூக்கி வந்து போனுக்கு முன்னால் நீட்டினார். அண்ணன் அதை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"துரை இருக்காரு, அவர அப்புறம் பார்க்கலாம். நீ கையக் காட்டு. வெரல அசை. ஒவ்வொண்ணா."

அவள் அசைத்தாள். ஐந்தாவது விரலும் அசைகிற வரைக்கும் அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.