பலகைச் சுவருக்கு அப்பால் இரண்டு ஜெபங்கள்

ஹெஸெல் அண்ணனைப் பற்றி எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். பொய் பேசமாட்டார், ஞாயிற்றுக்கிழமை வலையைத் தொடமாட்டார், யார் வாசலிலும் போய்க் கைநீட்டமாட்டார் என்பார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

எங்கள் உர்க் தீவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அவரும் அவர் மனைவி நேல்ட்யேயும் மட்டும். பிள்ளைகள் இல்லை. நேல்ட்யே அக்காவின் இருமல், அவர் பூட்ஸைக் கழற்றிப் போடும் சத்தம், எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த வீட்டில்தான் நான் பிறந்தேன். அம்மா காலமான பிறகு என் புருஷன் ரீகெல்ட்டோடு இதே வீட்டில்தான் இருக்கிறேன்.

எனக்குப் பதினாலு வயதில் ஒரு குளிர்காலம். கடல் உறைந்து, ஆறு வாரம் எந்தப் படகும் வரவில்லை. ஹெஸெல் அண்ணன் அப்போது முப்பதைத் தாண்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட புதிது. வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. "மனுஷங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாது, ஆண்டவர்கிட்ட மட்டும் கேப்போம்" என்று மூன்று நாள் முழங்காலில் நின்றார். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மூட்டைப் பட்டாணி, மேலே ஒரு துண்டு உப்புப் பன்றிக்கறி! அந்த மனுஷன் தெருவிலேயே அழுதார். அன்றிலிருந்து அதுதான் அவருடைய சாட்சி. சபையில், படகில், துறைமுகத்தில், எங்கே நின்றாலும் அந்த மூட்டைக் கதைதான்.

மூட்டையை வைத்தது என் அம்மா. அம்மாவுக்குச் சொன்னது நேல்ட்யே அக்கா. பின்வாசல் வழியாக வந்து, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பசி தாங்கல" என்று அழுதாள். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். "செத்தாலும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புருஷன் அத்தனை சந்தோஷமாக ஊரெல்லாம் ஆண்டவரைப் புகழ்ந்துகொண்டு திரியும்போது எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்? பொறுத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் அரசாங்கம் கடல் வாயில் அணையைக் கட்டி எங்கள் கடலை ஏரிபோல மூடியது. உப்புத்தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் நல்ல தண்ணீரானது. ஹெர்ரிங் மீன் வரத்து நின்றது. பெரிய படகு வைத்திருந்தவர்கள் வெளிக்கடலுக்குப் போனார்கள். ரீகெல்ட்டும் ஒரு படகில் சேர்ந்துகொண்டான். ஹெஸெல் அண்ணனுடைய படகு அந்த அலைக்குத் தாங்காது. இந்த வயதில் அவரைக் கூலிக்குக் கூப்பிடவும் ஆளில்லை. மீனவர்களுக்கு உதவித்தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு அதிகாரி தாளோடு வீடு வீடாக வந்தார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே போட்டோம். ஹெஸெல் அண்ணன் மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, என் ஆண்டவர் என்னை மறந்துட்டாருன்னு எழுதிக் குடுக்கிற மாதிரி, ஐயா."

"அதெல்லாம் இதுல எழுதலையே, பெரியவரே."

"எனக்கு அப்படித்தான் படிக்க வருது."

இலையுதிர்காலத்தில் சபை மூப்பர் வழக்கம்போல வீட்டுச் சந்திப்புக்கு வந்தார். குறை ஏதும் உண்டா என்று அவர் விசாரித்தது சுவர் வழியாக எனக்கே கேட்டது. "ஒரு குறையும் இல்ல மூப்பரே, அவர் பாத்துக்கிறார்" என்றார் அண்ணன். மூப்பர் நேல்ட்யே அக்காவையும் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. அவள் என்ன சொல்லமுடியும்? பசிக்கிறது என்று இப்போது சொன்னால், அந்தப் பழைய மூட்டையும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

சரி, பக்கத்து வீட்டுக்காரி நீ என்னடி பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் காதில் கேட்டதை நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் மத்தியானம் பன்னிரண்டுக்குச் சாப்பாடு. சாப்பிடுமுன் ஒரு ஜெபம், சாப்பிட்டதும் ஒரு அதிகாரம் வேதம், அதன்பின் நன்றி ஜெபம். நன்றி சொல்லாமல் ஒரு குழந்தைகூட நாற்காலியைவிட்டு இறங்காது. ஆக, ஒரு வீட்டில் இரண்டு ஜெபமும் கேட்டால் நடுவில் சாப்பாடு இருக்கிறது என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். அவர்கள் வீட்டில் ஒரு நாள் தவறாமல் பன்னிரண்டுக்கு நாற்காலி நகரும். தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். முதல் ஜெபம், வேதம், நன்றி எல்லாம் கேட்கும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

முதல் ஜெபத்துக்கும் வேதத்துக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரிந்ததுதான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை ரீகெல்ட் வீட்டில் இருந்தபோது, "பாரேன், இப்பத்தான் ஆமென் சொன்னாங்க, அதுக்குள்ள வேதத்தைத் திறந்துட்டாங்க. ரெண்டு பேரும் நீர்க்காகம் மாதிரி முழுசா விழுங்குறாங்க போல" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ஜனவரியில் ஒரு நாள் நேல்ட்யே அக்கா சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கதவோரமே நின்றாள்.

"நல்லா மணக்குதுடி, ஃபெம்மி."

"மணக்காம என்ன, எலும்பு போட்டிருக்கேன்ல! உள்ள வாங்களேன், குளிருது."

"இல்லடி... நேரமாச்சு."

இருந்தும் போகவில்லை. சூப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது, இருமல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கிண்ணம் கொடு என்று அவள் கேட்கவில்லை. ஒரு வாய் குடிக்கிறீங்களா என்று நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறேன்? இன்னும் கால் மணி நேரத்தில் அவர்கள் வீட்டில் நாற்காலி நகருமே!

பிப்ரவரி நடுவில் ஒரு நாற்காலிதான் நகர்ந்தது. ஒரு தட்டுதான் வைக்கப்பட்டது. நான் வாயில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் முதல் ஜெபம் முடிந்தது, ஆமென். அடுத்த மூச்சிலேயே வேதம். ஒரு கரண்டிச் சத்தம் இல்லை, ஒரு முள்கரண்டி தட்டில் உரசவில்லை. அட பாவி, நான் எத்தனை வாரமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! சூப் பானையை அப்படியே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

மேஜையில் வெள்ளைத் துணி. ஒரு தட்டு, காலியாக, சுத்தமாக. அவர் வேதத்தின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா சுவருக்குள் அலமாரிபோலப் பதித்த பெட்டிக்கட்டிலில் படுத்திருந்தாள். அவள் இருப்பதே கம்பளியில் தெரியவில்லை.

அவர் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. பிறகு கேட்டார்:

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. கிண்ணம் எங்க இருக்கு?"

"பொறு ஃபெம்மி. யாராவது சொல்லி நீ வந்திருந்தா, இது மனுஷன் குடுத்தது. நான் தெரிஞ்சுக்கணும்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! சின்ன வயதிலிருந்தே நாக்கு என் பேச்சைக் கேட்காது.

"தெரிஞ்சுக்கணுமா? தெரிஞ்சுக்கோங்க! இந்தத் தடவை ஒருத்தரும் சொல்லல, அதான் உங்க பெண்டாட்டி சாகக் கெடக்குறா. அந்தத் தடவை அவ சொன்னா! எங்க அம்மாகிட்ட வந்து அழுதா. அதான் மூட்டை வந்துச்சு!"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வந்த வார்த்தையை விழுங்க முடியுமா? அவர் மெல்லக் கட்டில் பக்கம் திரும்பினார்.

"நேல்ட்யே. நெசமா?"

அவள் கண்ணைத் திறந்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். பயமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

"ஆமா, ஹெஸெல். எனக்குப் பசிச்சுது."

பிறகு அவர் எழுந்து வந்து, என் கையிலிருந்து பானையை வாங்கி, காலித் தட்டில் ஊற்றி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவளுக்கு ஊட்டினார். ஜெபம் பண்ணவில்லை. பாதி கம்பளியில் சிந்தியது. நாலு கரண்டிக்குமேல் அவளுக்கு இறங்கவில்லை. வைத்தியர் வந்தார், நெஞ்சில் சளி கட்டிவிட்டது, எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமில்லை என்றார். எட்டாம் நாள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று சபையார் கொண்டுவந்த ரொட்டி அந்த மேஜை கொள்ளவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தவளே நான்தான்.

அதற்கப்புறம் மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. நாற்காலி நகரவில்லை. கிண்ணத்தில் ஏதாவது கொண்டுபோய் வைப்பேன். பாதி அப்படியே இருக்கும். ஒரு வார்த்தை பேசமாட்டார். நான்தான் அவர் விசுவாசத்தையும் கொன்றேன் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. ரீகெல்ட், "நீ உண்மையைத்தானே சொன்ன" என்பான். உண்மைதான். ஆனால் அவள் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லும் உரிமை அவளுடையது, என்னுடையது இல்லை.

மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு அடிக்கும் நேரம், வாசல் கதவைத் தட்டினார்கள். ஹெஸெல் அண்ணன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"ஃபெம்மி," என்றார். நிறுத்தினார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "எனக்குப் பசிக்குது."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உருளைக்கிழங்கும் பொரித்த விலாங்கும் வைத்தேன். கையைக் கூப்பாமல் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அன்னைக்கு ஆண்டவர் எனக்குச் சோறு அனுப்பத்தான் செஞ்சாரு," என்றார் கடைசியில். "அவ வாய் வழியா அனுப்பினாரு. அந்த வாயை நான்தான் கட்டிப் போட்டேன்."

ஆறிப்போகுது, சாப்பிடுங்க என்றேன். சாப்பிட்டார்.