முதல் நன்மைக்குப் போட்ட தோல் ஜக்கெற்

லைனிங் வைக்காத தோல் ஜக்கெற்றைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அதில் குறையே இல்லையென்று வாதாட நான் வரவில்லை. வியர்த்த கையில் அது அட்டைபோல ஒட்டும். கழற்றும்போது தோலோடு தோல் உரிவதுபோல இருக்கும். உட்பக்கம் பொடிப்பொடியாக உதிர்ந்து உடுப்பெல்லாம் தூசாகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நனைந்தால் சாயம் விடும். இவ்வளவையும் ஒன்பது வயதில், ஒரே காலையில், ஒரு கோயில் நிறைந்த சனம் பார்த்துக்கொண்டிருக்க அனுபவித்தவள் நான். அப்படியிருந்தும் அந்த ஜக்கெற்றின் பக்கம்தான் நிற்பேன்.

அது மாமியின் ஜக்கெற். மாமி என்றால் அப்பாவின் தங்கை. நறுவிலிக்குளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடும் அவருடைய வீடும் தோட்டவெளியில். மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகிற அந்த நீண்ட பாதையில், இரண்டு பக்கமும் கடல் கிடக்க, மாமி தினமும் மோட்டச்சைக்கிளில் போய் வருவார். பள்ளிக்கூடத்துக்குச் சேலை உடுத்துத்தான் போகவேண்டும். ஆகவே சேலை, அதற்கு மேலே கறுத்த தோல் ஜக்கெற், அதற்கும் மேலே ஹெல்மெற். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் ஆண்களே அந்தப் பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார்கள். மாமியின் முந்தானை ஜக்கெற்றுக்குள் பத்திரமாக இருக்கும். சந்தியில் நிற்கிறவர்கள் பார்த்துச் சிரித்தால் மாமி ஹோர்னை நன்றாக அழுத்திவிட்டுப் போவார்.

உண்மையில் அது அப்பாவுக்கு வந்த ஜக்கெற். பிரான்சில் இருக்கிற பெரியப்பா ஏதோ ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிப் பார்சலில் போட்டுவிட்டிருந்தார். மன்னார் வெயிலை அவர் மறந்துபோய்க் கனகாலம் ஆகியிருக்க வேண்டும். அப்பா அதை ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துத்தான் கழற்றினோம்.

அம்மா தையல்காரி. ஜக்கெற்றின் உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார்.

"ஐயோ, உள்ளுக்குத் துணி வைக்க மறந்து போயிட்டாங்கள்! உங்கட அண்ணரை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்."

பெரியப்பா போனில் விளக்கம் சொன்னார். மறதி இல்லையாம், அப்படியே தைக்கிறதுதானாம், குளிர் குறைந்த காலத்துக்கென்று. அம்மா நம்பவில்லை. தையல் விளிம்புகள் உள்ளே மூடாமல் அப்படியே தெரிகிற ஒரு உடுப்பை, தைத்து முடிந்த உடுப்பு என்று அவரால் எப்படி ஒத்துக்கொள்ள முடியும்? தமிழ்நாட்டு அகதி முகாமில் தையல் படித்து, அந்தத் தையலாலேயே ஆறு வருசம் எங்களைக் காப்பாற்றியவர் அவர். நான் அந்த முகாமில்தான் பிறந்தேன். நாங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று வருசமாகியும் வகுப்பில் எனக்கு இந்தியாக்காரி என்றுதான் பெயர். என் வாயில் அங்கத்தைய சொற்கள் வரும். ஜாக்கெட் என்றால் எனக்கு அப்போது சேலைக்குப் போடுகிற சட்டை. அது தோலில் வந்தது பெரிய அதிசயமாக இருந்தது.

அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிய ஜக்கெற்றை மாமி எடுத்துக்கொண்டார். அன்றைக்குத் தொடங்கிய சண்டை மாதக்கணக்காக ஓடியது.

"மச்சாள், அஞ்சு நிமிசம் வெயிலில போட்டா அதின்ர ஈரம் போயிடும். லைனிங் இருந்தா உள்ளுக்க ஈரம் கிடந்து நாறும்" என்பார் மாமி. அம்மாவை அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"சாயம் விடுதே, அதுக்கென்ன சொல்லுறீர்? உம்மட வெள்ளைச் சட்டையள் எல்லாத்தின்ர கமக்கட்டையும் பாரும்."

"கறுத்த சட்டை போடுறன்."

"ஒரு கறுத்த சற்றின் துணி எடுத்துத் தாரும். ஒரு பின்னேரத்தில வைச்சுத் தாறன். வழுக்கிக்கொண்டு போகும் கை."

"லைனிங் வைச்சா அது வேற ஜக்கெற். பாரம் கூடிடும். இப்ப மடிச்சு கைப்பைக்குள்ள வைக்கிறன். ஒரு இடத்தில தையல் விட்டாலும் உள்ளுக்குப் பாத்தவுடன தெரியும், நானே போட்டிடுவன். இது என்ர உடம்புக்குப் பழகிட்டுது மச்சாள்."

இரண்டு பேரும் சொன்னது சரி என்பதுதான் சங்கடம். நான் மாமியின் கட்சி. அவருக்குப் பின்னால் ஏறி, முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினால் வரும் அந்தத் தோல் மணம் ஒன்றே எனக்குப் போதுமான நியாயமாக இருந்தது.

பிறகு என் முதல் நன்மை வந்தது, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு மாதமாக மறைக்கல்வி ரீச்சர் எங்களைச் சோடி சோடியாக நிறுத்தி நடக்கப் பழக்கினார். உயரத்தின்படி எனக்கு மூன்றாவது சோடி. அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை தைத்தார். கழுத்தைச் சுற்றிச் சரிகை, கையில் மூன்று அடுக்குச் சுருக்கு, கால்வரைக்கும் உள்துணி. அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்த அன்று அம்மா மாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு மட்டும் அந்தக் கண்டறியாத ஜக்கெற்றைக் கோயில் பக்கம் கொண்டு வராதேயும்." மாமி ஓம் என்றார். ஓம் என்று சொன்னதை நானும் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய, யாரும் எதிர்பாராத மழை. கோயில் வீட்டிலிருந்து நடக்கிற தூரமில்லை. கோயிலில் சனம் இருக்கிற வாங்குகளை அடுக்க அப்பா முன்பே போய்விட்டார். சொல்லி வைத்த ஓட்டோ வரவில்லை. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வேறு ஓட்டோ பிடித்துவரச் சந்திக்குப் போனார். நான் தலையில் நெட் முக்காடும் பூமுடியும் வைத்துக் கதிரையின் நுனியில் இருந்தேன், சட்டை கசங்காமல். அம்மா திரும்பவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

மாமியின் மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது. தன் வீட்டிலிருந்து நேரே கோயிலுக்குப் போகிற வழியில் எங்களை எட்டிப் பார்க்க வந்திருந்தார், மழைக்கு ஜக்கெற் போட்டுக்கொண்டு. என்னையும் சுவர் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜக்கெற்றைக் கழற்றி எனக்குப் போட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். சட்டையின் கீழ்ப்பகுதியைச் சுருட்டி ஒரு பெரிய பொலித்தீன் பையால் கட்டினார். பூமுடியைத் தன் கைப்பைக்குள் வைத்தார். நாங்கள் புறப்பட்டோம். மழை முழுவதும் மாமியின் சேலையில் விழுந்தது. எனக்கு ஒரு துளி படவில்லையென்றே நினைத்திருந்தேன். கழுத்து வழியாக உள்ளே இறங்கியதை நான் கவனிக்கவில்லை. ஒரே புழுக்கம் வேறு. அந்தக் குளிர் மழையிலும் உள்ளே எனக்கு வியர்த்து ஊற்றியது.

கோயில் வளவில் இறங்கி மாமி சிப்பைத் திறந்தபோது அவருடைய முகம் மாறியதை முதலில் பார்த்தேன். பிறகுதான் என்னைப் பார்த்தேன். இரண்டு தோள், இரண்டு கை, நெஞ்சு எல்லாம் கரிச்சட்டியில் தேய்த்ததுபோலக் கறுப்பு. சுருக்குகளின் நடுவே நீலமாக ஓடியிருந்தது.

"மழையைத்தான் யோசிச்சன். சாயத்தை யோசிக்கேல்லையே" என்றார் மாமி. அவருடைய சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறைக்கல்வி ரீச்சர் பெயர்க் கொப்பியோடு வந்தார். பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஒரு மாதமாக அவர் கட்டி வைத்த ஒழுங்கு அது. என்னைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்ததுபோலத்தான் இருந்தது.

"பிள்ளை, நீர் பின்னுக்குப் போம். கடைசியா, தனிய நில்லும். போட்டோக்காரர் வந்து நிக்கிறார்."

"ஏன் ரீச்சர்? அவ மூண்டாஞ் சோடி" என்றார் மாமி.

"உமக்குக் கண் தெரியேல்லையே? வெள்ளைச் சட்டையெண்டா அதுக்கொரு மரியாதை இருக்கு. இந்தியாவில இருந்து வந்த ஆக்களுக்கு அது விளங்காது. நீர் இஞ்ச இருந்த ஆள், உமக்குமோ விளங்கேல்ல?"

"சட்டைக்கோ பிள்ளைக்கோ நன்மை குடுக்கிறியள்?"

மற்றப் பிள்ளைகள் இருபத்தொரு பேரும் வெள்ளை வெளேரென்று நின்று எங்களைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மாமி வெல்லுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினார். வீட்டுக்குப் போய் என்னைக் காணாமல் ஓடி வந்திருக்கிறார். அவர் முதலில் பார்த்தது என் சட்டையை. மூன்று வாரம் இருந்து தைத்த சட்டை. இனி மாமிக்கும் அம்மாவுக்கும் ஆயுசுக்கும் பேச்சு இருக்காது என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு விழப்போகிற அடிக்கும் கன்னத்தைத் தயார் செய்தேன்.

ரீச்சர் அம்மாவுக்கும் அதையே சொன்னார். பிள்ளை பின்னுக்கு நிற்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த வருசம் வரட்டும், இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களில் இப்படித்தான். எல்லாவற்றையும் அம்மா கேட்டார். மாமியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"அதைத் தாரும்."

மாமி ஜக்கெற்றைக் கொடுத்தார். அம்மா அதை உதறி எனக்குப் போட்டார். ஈரத் தோல் கையில் ஏறாமல் ஒட்டிப்பிடித்தது. அம்மா விடவில்லை, இழுத்து ஏற்றினார். தொங்கிய கைகளை மூன்று மடிப்பு மடித்தார். தன் சேலையில் குத்தியிருந்த ஊசிகளைக் கழற்றி மடிப்புகளில் குத்தினார். நெட்டைக் கொலருக்கு வெளியே எடுத்துவிட்டு, பூமுடியை வைத்து, என்னை ஒரு அடி தள்ளி நிறுத்தி, தைத்து முடித்த உடுப்பைப் பார்க்கிறதுபோலப் பார்த்தார்.

"என்ர பிள்ளை தன்ர இடத்திலதான் நிப்பா" என்றார்.

"இந்த ஜக்கெற்றோடையோ?" என்றார் ரீச்சர்.

"ஓம். ஜக்கெற்றோட."

"என்னப்பா இது, நான் கடைசியில நிக்கச் சொன்னனான், அவ்வளவுதானே?"

அம்மாவின் குரல் உயரவில்லை. "நாங்கள் பின்னுக்கு நிண்டது காணும் ரீச்சர், இனிப் போதும்."

மணி அடித்தது. நான் போய் மூன்றாவது சோடியில் நின்றேன். என் சோடிப் பிள்ளை தன் சட்டையில் படாமல் கொஞ்சம் விலகினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை நீட்டி ஜக்கெற்றின் பித்தளை சிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

மழை விட்டு வெயில் ஏறியது. பூசை ஒன்றரை மணி நேரம். ஜக்கெற் என் முதுகோடு, கையோடு, கழுத்தோடு ஒட்டியது. தையல் விளிம்புகள் கழுத்தில் அராவின. அம்மா சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் என்மேல் வந்து ஏறின. சிப்பைக் கொஞ்சம் இறக்கினால் காற்று வரும். நான் இறக்கவில்லை. ஞானப்பாட்டை மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினேன்.

என் முறை வந்தபோது, பூசை வைத்த பங்குச் சுவாமி ஒரு கணம் நின்றார்.

"குளிருதோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை சுவாமி, சாயம்" என்றேன்.

அவருடைய வாய் ஓரம் துடித்தது. பிறகு நற்கருணையை உயர்த்திக் காட்டினார். நான் ஆமென் என்றேன்.

பூசை முடிந்து படம் எடுக்கும்போது போட்டோக்காரர் என்னிடம் ஜக்கெற்றைக் கழற்றச் சொன்னார். மாட்டன் என்றேன். ரீச்சர் வந்து சொன்னார். மாட்டன் என்றேன். இருபத்தொரு வெள்ளைக்கு நடுவில் நான் மட்டும் கறுப்பாக நிற்கிற அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிற ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அம்மா அந்தச் சட்டையைத் தேசிக்காய், உப்பு, சவர்க்காரம் எல்லாம் போட்டுத் தோய்த்துப் பார்த்தார். சாயம் போகவில்லை. இரண்டாம் நாள் மாமி கறுத்த சற்றின் துணி இரண்டு மீற்றர் வாங்கிக்கொண்டு வந்து, லைனிங் வைத்துத் தாங்கோ மச்சாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இது பாவாடைக்குத்தான் நல்லம் என்று எனக்கு ஒன்று தைத்தார். ஜக்கெற்றில் கை வைக்கவில்லை.

ஜக்கெற்றின் அருமை அம்மாவுக்குக் கடைசியில் விளங்கிவிட்டது, கட்சி மாறிவிட்டார் என்றே நான் கனகாலம் நம்பியிருந்தேன். அன்றைக்குக் கோயிலில் இருந்து ஓட்டோவில் வரும்போது அவரிடம் நான் கேட்டது வேறு ஒன்று.

"நாங்கள் எப்ப அம்மா பின்னுக்கு நிண்டனாங்கள்?"

அம்மா யோசித்தார். "முகாமில, மாசத்துக்கு ஒருக்கா அதிகாரியள் எங்களை எண்ணிப் பாக்க வருவினம். உமக்கு ஞாபகம் இருக்கோ?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விடிய எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் நாங்கள் முன்னால் நிற்கிறவரின் சேலையை, முன்னால் நிற்கிறவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஆடுவோம். பெயர் கூப்பிட்டால் அம்மா கையைத் தூக்கி ஏதோ சொல்லுவார். வெயில் உச்சிக்கு வரும்வரை, பின்னால் நிற்கிற எங்கள் பக்கம் வரிசை அசையாது. எங்களுக்கு அது எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

"ஓம் அம்மா, தெரியும்! நாங்கள் ரயில் விளையாடுவமே!"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் பிறகு. "ரயில்தான்."

நான் ஓட்டோவுக்குள் எழுந்து நின்று, கூ என்று நீளமாக ஊதிக் காட்டினேன்.